பூஜையில் வைத்த பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பம்புசெட் மெக்கானிக். பெரிய பேர் எடுத்தவன் என்று சொல்ல முடியாது. அடி அண்ணாமலை பக்கம், கீழ்பென்னாத்தூர் பக்கம் கிணற்று மோட்டார் மக்கர் பண்ணினால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவேன். ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாம் ஒரு ரெக்சின் பைக்குள் குலுங்கிக்கொண்டு வரும். பையின் அடியில் ஓட்டை. செங்கம் ரோட்டில் எத்தனை ஸ்பேனர் விழுந்திருக்கும் என்று அந்த ரோட்டைத்தான் கேட்க வேண்டும். போன இடத்தில் பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடும்போது, பக்கத்தில் நிற்கிற விவசாயியின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அதனால் ஒரு மரப்பெட்டி செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். ஆளை வைத்துச் செய்வதல்ல, நானே செய்வது. வீம்பு எனக்குப் பிறவிக் குணம். என் நெருங்கிய நண்பனின் குடும்பம் மரவாடி வைத்திருந்தது. அப்பா இறந்த பிறகு அவன்தான் அதைப் பார்த்துக்கொண்டான். டவுனில் பாதி வீடுகளின் கதவும் ஜன்னலும் அந்த முஸ்லிம் குடும்பத்தின் கைவேலை. அரை நாளில் எனக்கு ஒரு பெட்டி செய்து கையில் கொடுத்திருப்பான். கேட்கவும் செய்தான்.

"நீ மோட்டார பாரு மச்சான். பெட்டிய நான் பாத்துக்கறேன்."

"துண்டு மரம் மட்டும் குடு, போதும். மீதிய நான் பண்ணிக்கறேன்."

அவன் சிரித்துக்கொண்டே பின்பக்கம் கிடந்த கழிவுக் குவியலைக் காட்டினான். ஜன்னல் செய்து மிஞ்சிய இரண்டு தேக்குத் துண்டுகள், கண்ணாடி வந்திறங்கிய பேக்கிங் பெட்டியின் வெள்ளைப் பலகைகள், யாருக்கோ அளவு தப்பாக அறுத்துவிட்ட ஒரு வேப்பம்பலகை. வேப்பம்பலகையை எடுத்ததும் என் கையைப் பிடித்தான். "அதுல இன்னும் ஈரம் ஜாஸ்தி. ரெண்டு மாசம் நிழல்ல சாத்தி வெச்சிட்டு அப்பறம் தொடு." ஆயுத பூஜைக்கு இருபது நாள்தான் இருந்தது. பெட்டியை அன்றைக்குப் பூஜையில் வைத்தே தீருவது என்று நான் மனசுக்குள் கங்கணம் கட்டியிருந்தேன். தலையை ஆட்டிவிட்டு, பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்துவிடுவேன். அவனிடம் இரவல் வாங்கிய ரம்பம், ஒரு சின்ன இழைப்புளி. பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு அறுப்பேன். கோடு ஒரு பக்கம் போகும், ரம்பம் ஒரு பக்கம் போகும். முதல் ஆணி அடித்ததும் பலகை ஓரம் பிளந்தது. இரண்டாவது ஆணியும் பிளந்தது. அவனிடம் போய்ச் சொன்னால், ஆணி முனையைச் சுத்தியலால் தட்டி மழுங்கடித்துவிட்டு அடி என்றான். கூராக இருந்தால்தானே இறங்கும் என்று நான் வாதாடினேன். வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காதபோது மழுங்கடித்து அடித்தேன். பிளக்கவில்லை. அதையும் அவனிடம் சொல்லவில்லை.

பெரிய தப்பு அடிப்பலகையில் நடந்தது. பெட்டி ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம். சைக்கிள் கேரியரில் சரியாக உட்கார வேண்டும். அளவெல்லாம் எழுதி வைத்துத்தான் அறுத்தேன். பக்கப் பலகைகளின் கனத்தைச் சேர்க்க மறந்துபோனேன். நான்கு பக்கமும் நிறுத்திப் பார்த்தால் அடிப்பலகை ஒன்றரை அங்குலம் குட்டை. மோட்டாருக்குள் நூல் பிசகாமல் பேரிங் மாட்டுகிறவன் நான். எனக்கே என்மேல் ஆத்திரம் வந்து சுத்தியலைத் தூக்கி எறிந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் இடைவெளியில் ஒரு தேக்குச் சட்டத்தைச் செருகி அடித்தேன். பழைய அலமாரியின் கீல்கள், ஒரு கொண்டி, மேலே பிடித்துத் தூக்க வளைத்த கம்பி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்ததும் பெட்டி பெட்டியாகவே தெரிந்தது. அன்று சாப்பிடும்போதுகூட அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் அதை டீக்கடைக்கு எடுத்துப் போனேன். காட்டத்தான், வேறெதற்கு? அதற்குள் மூடிக்குப் போட்டிருந்த ஈர வேம்பு தன் வேலையைக் காட்டியிருந்தது. மூடியின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. என் நண்பன் குனிந்து, அந்த இடுக்கில் இரண்டு விரலை விட்டு ஆட்டினான்.

"எலி வந்து போக தாராளமா வழி விட்டிருக்க மச்சான். வாடகைக்கு விடலாம்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்று தைத்தது. அவன் அப்படித்தான், யாரையும் விட மாட்டான். அதில் விஷமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சிரிப்பை நான் மனசில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை அன்று பெட்டிக்கு மூன்று பட்டை விபூதி இட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றி நடுக்கூடத்தில் வைத்தேன். ஸ்பேனர்களைத் துடைத்து உள்ளே வரிசையாக அடுக்கியிருந்தேன். பொரி, கடலை, சுண்டல், கற்பூரம். எங்கள் பக்கம் வழக்கம் எல்லாருக்கும் தெரியும்: பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது. அன்றைக்கு ஊரில் ஸ்பேனர் பிடிக்கிற ஒரு கையும் கிடைக்காது.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். என் நண்பன் வந்தான். மறுநாள் காலை அவன் தங்கச்சிக்கு வீட்டிலேயே நிக்காஹ். ஆற்காட்டிலிருந்தும் வேலூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

"கெணத்து மோட்டார் உம்முனு நிக்குது மச்சான், சுத்தல. வீடு பூரா ஆளுங்க. சமையலுக்கே தண்ணி இல்ல. ரெண்டு மெக்கானிக்க பாத்துட்டேன், பூஜைனு சொல்லிட்டாங்க."

கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கண்டென்சர் போயிருக்கும். பத்து நிமிஷ வேலை. மாற்றுக் கண்டென்சர் ஒன்று பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"பூஜையில வெச்சத எடுக்கக் கூடாதுடா. காலைல மொத வேலையா வந்துடறேன்."

அவன் மாலை போட்டிருந்த பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "சரி மச்சான். சாமி விஷயம், நான் என்னா சொல்றது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் வேறு எந்தச் சாக்குச் சொல்லியிருந்தாலும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பான். அவனால் மறுத்துப் பேச முடியாத ஒன்றாகப் பார்த்து எடுத்து வீசியிருந்தேன்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். வெள்ளி, செவ்வாய் விடாமல் கோயிலுக்குப் போகிறவள். "எடுத்துட்டு போடா. கல்யாண வீடு. சாமி கோச்சிக்காது, நான் சொல்றேன்" என்றாள். நான் போகவில்லை. எனக்குச் சாமி பயம் இல்லை. அந்தச் சந்தனப் பொட்டும் சாமந்திச் சரமும் கலையாமல், மறுநாள் நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. எலி வந்து போகும் என்று சொன்னவன் என் பெட்டியைத் தேடி வந்து நின்றதில் ஒரு அற்ப திருப்தியும் இருந்தது. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. சட்டையை மாற்றிக்கொண்டு, மற்ற பட்டறைகளில் பூஜை எப்படி என்று பார்க்கக் கடைவீதிப் பக்கம் கிளம்பிவிட்டேன்.

விஜயதசமி காலையில் சொன்னபடி முதல் வேலையாகப் போனேன். பந்தலில் ஆட்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது, நனைந்திருந்த கல்லில் வழுக்கி அவன் அம்மா விழுந்துவிட்டார்கள். இடுப்பெலும்பு. அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒற்றை ஆளாக நின்று வளர்த்த மகளின் நிக்காஹை அந்த அம்மா பார்க்கவில்லை. நான் பெட்டியைத் திறந்து கண்டென்சரை மாற்றினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தொட்டியில் தண்ணீர் கொட்டியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் ஓரத்தில் நின்றேன். அந்த அம்மாதான் முதலில் பேசினார்கள்.

"பூஜ நல்லா முடிஞ்சிதா கண்ணு?"

"முடிஞ்சிதும்மா."

"சாமி காரியத்த பாதில விட்டுட்டு வரக் கூடாது. நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத."

இல்லை, எங்கம்மா போகச் சொன்னார்கள், நான்தான் வரவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு ஆறேழு வருஷம் அவர்கள் கோலூன்றித்தான் நடந்தார்கள். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் என் பங்கு பிரியாணியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். நான் உட்கார்ந்து சாப்பிடுவேன். சொல்லவில்லை. அவர்களை நம்ப வைத்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு ஒவ்வொரு கவளத்திலும் இருந்தது.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் அந்த அம்மா இறந்துபோனார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் என் அம்மாவும் போயிருந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் மரவாடியில் நானும் அவனும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். இனிமேலும் தாங்காது என்று வாயைத் திறந்தேன்.

"அன்னைக்கு பூஜைனு சொன்னது பொய்டா. எங்கம்மா எடுத்துட்டு போடானு சொன்னாங்க. நான்தான் வரல."

அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும் மச்சான். நீ வரலனு அன்னைக்கு சாயந்திரம் உங்கம்மாதான் எங்க வீட்டுக்கு வந்து தண்ணி சேந்திக் குடுத்தாங்க. அப்பவே சொல்லி அழுதாங்க."

"யார்கிட்ட?"

"எங்கம்மாகிட்டதான்."