கருகின பெஞ்சு கேட்ட அதிகாரி

பேச்சு குறைவு என்பதால் எல்லோரும் அவரை ஊமைத் தச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவர் முழங்கால் போடும் தேவாலயத்தைப் பட்டப்பகலில் ஒரு கும்பல் கொளுத்திவிட்டுப் போனபோதும் அவர் வாய் திறக்கவில்லை. கரிந்த பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டார். மகளும் அவருமாகப் புதுப்பலகை இழைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார்கள்.

விசாரிக்கக்கூட ஆள் அனுப்பாத அரசாங்கத்துக்கு அப்புறம்தான் கரிசனம் பொத்துக்கொண்டு வந்தது. மத சுதந்திரத்தைக் காப்பாற்ற அமைச்சரே நேரில் வருகிறாராம். முன்னேற்பாடு பார்க்க வந்த அதிகாரி, பளபளவென்றிருந்த பெஞ்சுகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"யாருய்யா உங்களை அவசரப்பட்டுச் சரி பண்ணச் சொன்னது? அமைச்சர் ஆறுதல் சொல்றப்போ பின்னாடி எதைக் காட்டுறது? முன்வரிசையில ரெண்டை மட்டும் லேசா கருக்கி வைங்க. போட்டோ எடுத்ததும் இழைச்சுக்கலாம்."

பாதிரியார் தரையைப் பார்த்தார். தச்சர் உளியைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கொளுத்திப் பழக்கமில்லை சார். கொளுத்தினவங்களையே கூப்பிடுங்க. எதிர் டீக்கடையிலதான் உட்கார்ந்திருக்காங்க. உங்க ஜீப்பைப் பார்த்தும் ஒருத்தன்கூட எழுந்திரிக்கலை."