தீயணைப்பு அக்கா

ஹெட்செட்டின் மறுமுனையில் யாரோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, அவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். தோல் அறுந்துபோகாமல் ஒரே சுருளாக வர வேண்டும் என்பது அவர் கொள்கை. சுருள் மேஜையில் விழவும் மறுமுனைக்கு மூச்சு வாங்கவும் சரியாக இருந்தது.

"சொல்லுங்க சார், வேற என்ன?" என்றார்.

வேறு ஒன்றும் இருக்கவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது தானாக நகர்ந்துபோய்ச் சமையலறைக் கதவை அடைத்துவிட்டதாம். "நாலு காலும் சமமா நிக்குதான்னு பாருங்க. தூக்கிட்டிருக்குற காலைத் திருகினா இறங்கும். நான் லைன்லயே இருக்கேன், அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு முதல் சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

வீட்டுச் சாதனங்கள் விற்கும் கம்பெனியில் அவருக்குப் புகார்ப் பிரிவு. எனக்கு உதிரிபாகப் பிரிவு, அவருக்கு அடுத்த மேஜை. எங்கள் மாடியில் எந்த அழைப்பு கைமீறினாலும் "தீயணைப்புக்கு மாத்து" என்று அவரிடம் தள்ளிவிடுவார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். கனத்த உடம்பு, அதற்கேற்ற குரல். தன் நாற்காலியை யாரும் நகர்த்திவிடக் கூடாது என்று அதன் முதுகில் ஒரு பச்சைக் கைக்குட்டையை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு, "வந்தவங்க வந்தப்ப லைன் பிஸியா இருந்துச்சு" என்று ஒரே பதில்.

தொழில் ரகசியத்தைக் கேட்டால் மறைக்க மாட்டார். "கத்துறவங்களப் பாதியில நிறுத்தக் கூடாது. நிறுத்தினா முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. மூச்சு எங்க முடியுதுன்னு கேட்டுட்டே இருக்கணும், அவ்வளவுதான்." எங்களுக்கும் காது இருந்தது. ஆனால் அந்த மூச்சு முடியும் இடம் மட்டும் எங்களில் யாருக்கும் பிடிபடவில்லை.

வீட்டில் அவரும் அப்பாவும் மட்டும். அப்பா பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபிறகும் வாய் ஓயாதவர். மத்தியானம் அக்காவுக்கு போன் செய்து, ஜன்னல் வழியே பார்த்ததையெல்லாம் ஒப்பிப்பார். எதிர் வீட்டுக்காரன் காரைப் பின்னால் எடுக்கும் லட்சணத்தை விவரிக்கத் தொடங்கினால் அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

அந்த போன் ஒருநாள் வரவில்லை. பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. ஒரு சொல் மட்டும் மிச்சம்: "வண்டி". தண்ணீருக்கும் வண்டி, வலிக்கும் வண்டி, விளக்கை அணைப்பதற்கும் வண்டி.

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அக்கா ஒரு பெண்மணியை வைத்தார். அவர் சாப்பாடு கொடுத்தால் அப்பா வாயைத் திறக்கமாட்டார். ஒருநாள் அந்தப் பெண்மணி போன் பேச வெளியே போனவர் கதை சுவாரஸ்யத்தில் அங்கேயே நின்றுவிட, அப்பா கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிட்டார். அக்கா சாயங்காலம் வந்து பார்த்தபோது தரையில் கிடந்தார். கன்னத்தில் தரையோடுகளின் கோடு பதிந்திருந்தது. வெளியூரில் இருக்கும் தம்பி போனில், "நல்ல முதியோர் ஹோமாப் பாத்துச் சேத்துடுக்கா" என்றானாம். "நீ வந்து சேத்துட்டுப் போ" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மேலாளர் அறைக்குப் போனார். கண்ணாடித் தடுப்பு அறை. கதவு சரியாக மூடாது. அதனால் முழுவதும் கேட்டது. மேலாளர் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். கம்பெனிக்காகப் பேசும்போது "மேடம்" என்பார், தனக்காகப் பேசும்போது "அக்கா" என்பார்.

"சார், நான் வீட்லேர்ந்து வேலை பாக்கணும். எங்கப்பாவுக்குப் பக்கத்துல ஆள் வேணும். அந்த ஆள் நான்தான்."

"மேடம், இந்தப் பிரிவுக்கு அது கிடையாது. பாலிசி" என்று ஆரம்பித்தார் மேலாளர். உங்களுக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள், வாடிக்கையாளர் விவரம் வெளியே போகும், நெட் நின்றால் யார் பதில் சொல்வது, வீட்டுச் சத்தம் கஸ்டமருக்குக் கேட்டால் கம்பெனி மானம் என்ன ஆவது. அக்கா குறுக்கே பேசவில்லை. மேலாளர் தண்ணீர் குடிக்க பாட்டிலை எடுத்தார்.

"வேற என்ன சார்?"

மேலாளருக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, நான் என்ன கஸ்டமரா?"

"இல்ல சார். கஸ்டமர்னா இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்."

சொன்ன பிறகு அவர் குரல் ஒருமுறை தடுக்கியது. பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறேன், அந்தக் குரல் தடுக்கி நான் கேட்டதில்லை. "எங்கப்பா தரையில கிடந்தப்ப நான் யாருக்கோ ஃப்ரிட்ஜ் கதவு ஏன் மூடலன்னு சொல்லிட்டிருந்தேன் சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மாதம் பார்ப்போம் என்றார். ஒரே நிபந்தனை: அழைப்பில் வீட்டுச் சத்தம் கேட்கக் கூடாது.

அப்பாவுக்கு அந்த நிபந்தனையை யார் சொல்வது? இரண்டாம் வாரம், குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் மலைபோல் உறைந்துவிட்டது என்று ஒருவர் பொரிந்து தள்ளிக்கொண்டிருக்கையில், பின்னாலிருந்து "வண்டி! வண்டி!" என்று அப்பா கூப்பிட்டிருக்கிறார்.

"என்னம்மா, நடுரோட்டுல நின்னுட்டா பேசுற?"

"இல்ல சார், வீட்லதான். எங்கப்பா தண்ணி கேக்குறாரு. குடுத்துட்டு வந்துடறேன், நீங்க அதுக்குள்ள பிளக்கைப் பிடுங்கி வைங்க."

ஐஸ் உருகியது; வாடிக்கையாளர் உருகவில்லை. உங்கள் ஆட்கள் தெருவில் நின்று போன் எடுக்கிறார்கள் என்று கம்பெனிக்குப் புகார் கொடுத்துவிட்டார்.

மேலாளர் அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்; இந்த முறை பாலிசி பேசவில்லை. இரண்டு வழி சொன்னார். ஆபீசுக்குத் திரும்பி வந்து போனைத் தொடரலாம். அல்லது வீட்டிலேயே இருந்து, எழுத்தில் வரும் புகார்களுக்குப் பதில் அடிக்கலாம். ஆனால் அந்தப் பிரிவில் அவர் புது ஆள், நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்குக் கீழே வேலை. "யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்கக்கா" என்றார்.

"நாளைக்கும் இதேதான் சொல்லுவேன் சார். டைப் அடிக்கிற வேலையக் குடுங்க."

நாற்காலி முதுகிலிருந்து கைக்குட்டையை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முடிச்சு இறுகிப் போயிருந்தது. எங்களிடம், "கத்தாம இருங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் எங்கள் மாடியில் கைமீறும் அழைப்புகள் மேஜை மேஜையாகச் சுற்றின. ஒருநாள் மேலாளரே ஒன்றை எடுத்துப் பேசிவிட்டு, காது சிவந்து வெளியே வந்தார்.

போன வாரம், கம்பெனி கொடுத்த புது கீபோர்டைக் கொண்டுபோய்க் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்திலேயே கட்டில். கட்டிலின் இடப்பக்கம் ஒட்டினாற்போல் மேஜை. அப்பாவுக்கு அந்தப் பக்கம்தான் கை ஓடுகிறது. அக்கா இரண்டு விரலால் அடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு புது வேலை?"

"வேலையா இது? எழுத்துல கத்துறவனுக்கு மூச்சு வாங்குறது தெரிய மாட்டேங்குது. எங்க நிறுத்துவான்னே புரியல. பெருசு பெருசா ஆச்சரியக்குறி போடுறான், நானும் பதிலுக்கு வணக்கம் போடுறேன். எனக்கு மேல இருக்குற அந்தப் பொண்ணு, 'ஆன்ட்டி, ஒற்றுப் பிழை'ன்னு திருப்பி அனுப்புது."

"வண்டி" என்றார் அப்பா.

"ஜன்னலச் சாத்தணுமாம்" என்று எழுந்து சாத்தினார். அப்பா கட்டில் சட்டத்தில் அறைந்தார். "வண்டி!" அது இல்லையாம். போர்வையை இழுத்துவிட்டார். அதுவும் இல்லை. தலையணையைத் திருப்பி வைத்தபோதுதான் அப்பா கண்ணை மூடினார்.

"முதல்ல எல்லாம் எனக்குப் புரியும்னு நினைச்சேன்" என்றார் அக்கா, உட்கார்ந்தபடி. "போன வாரம் ஒருநாள் நானே கத்திட்டேன். 'எந்த வண்டிப்பா? வாயத் தொறந்து சொல்லித் தொலைங்க'ன்னு. இத்தன வருஷத்துல ஒரு கஸ்டமர்கிட்ட குரல உசத்தினது கிடையாது. அவரு அன்னிக்கு முழுக்க அந்த ஒரு வார்த்தையும் சொல்லல." விசைகளை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "கஸ்டமர்னா நேரம் முடிஞ்சதும் ஹெட்செட்டைக் கழட்டி வெச்சுடலாம்" என்றார்.

"திரும்ப போனுக்கே வந்துடறீங்களாக்கா?"

"கேக்காத. கேட்டா வரணும்போல இருக்கும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா தூங்கிவிட்டார். மேஜையிலிருந்து தொங்கிய லேப்டாப் சார்ஜர் ஒயர் அவருடைய இடது கைக்குள் போய்விட்டிருந்தது; விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. அவர் கையை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டபோது லேப்டாப்பிலிருந்து முனை கழன்று வந்துவிட்டது. திரையின் மூலையில் பேட்டரிச் சின்னம் சிவப்பாக மின்னியது. பாதிப் பதில் பாக்கி இருந்தது.

நான் எழுந்து, அவர் விரல்களிலிருந்து ஒயரை மெல்ல விடுவிக்கக் குனிந்தேன். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். நான் நின்ற இடத்திலிருந்து ஓர் எழுத்தும் தெரியாத அளவுக்குக் குறைத்துவிட்டு, மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்து, இரண்டு விரலால் அடிக்கத் தொடங்கினார்.