திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடாதவருக்காக ஆரணி போனது

எண்பத்து மூணாம் வருஷம் ஐப்பசியில போளூர்ல இருந்து ஆரணிக்கு ஒருநாள் போய் வந்தேன். என் வீட்டுக்காரர் கன்னியப்பன் இறந்து பதினோரு மாசம். ஆரணியில பட்டு நெய்தவர். அவர் போனபிறகு நான் போளூர்ல அண்ணன் வீட்டுல இருந்தேன். அடுத்த மாசம் வருஷ திவசம், அது திங்கட்கிழமையில வந்து நின்னுச்சு. எங்க வழக்கத்துல விளக்கு வச்சபிறகுதான் படையல். இவரோ திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடாதவர். இலை போட்டா வந்து உட்காருவாரா? அவருக்குப் பக்கத்துத் தறியில நெய்யற மணிகிட்ட கேட்கலாம்னு கிளம்பினேன்.

சாப்பிடாத கதை இதுதான். எல்லையில சண்டை நடந்த வருஷம், மழையும் இல்ல. அரிசிக்கு வரிசை. சேலை வாங்க ஆளில்லாம தறி பாதி நாள் சும்மா கிடந்தது. அப்ப இருந்த பிரதமர் குள்ளமான மனுஷர், ஏழை வீட்டுல பிறந்து சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போனவர். திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் எல்லாரும் விட்டுடுங்கன்னு கேட்டுக்கிட்டார். தன் வீட்டுல முதல்ல செஞ்சு பார்த்துட்டுத்தான் கேட்டாராம். சண்டை நின்னுச்சு. சமாதானம் பேசப் போன தூர தேசத்துலயே அவரும் இறந்துட்டார். ஊரெல்லாம் பழையபடி சாப்பிட்டுது. இவர் மட்டும் பதினேழு வருஷம் விடல. கேட்டா, "சொன்னவரு வாபஸ் வாங்கலியே"ம்பார்.

கடைசித் திங்கட்கிழமையும் அப்படித்தான். முகம் வாடியிருக்கேன்னு சோறு போட்டேன், தொடல. "உங்க தலைவரா வந்து உங்களப் பாத்துப்பாரு?"ன்னு கத்திட்டேன். கோபத்துல மறுநாள் காலையில அடுப்பும் பத்த வைக்கல. தறிக்குப் போனவர் மார் வலின்னு சாய்ஞ்சார், அவ்வளவுதான். வெறும் வயித்தோட அனுப்பிட்டேன்னு அதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.

போளூர்ல பன்னெண்டரை பஸ். டிக்கெட் ரெண்டே கால் ரூபா. முப்பது கிலோமீட்டர் இருக்கும், ஒன்றரை மணி நேரம் ஆச்சு. கண்டக்டர், "எம்மா, பைய மடியில வச்சிக்க, இல்ல அதுக்கும் டிக்கெட் போடுவேன்"னார். "போடு, அதுக்கும் உட்கார சீட்டு குடு"ன்னேன். பஸ்ஸே சிரிச்சுது.

ஸ்டாண்டுல இருந்து இருபது நிமிஷ நடை. தறிக்கூடத்துல எட்டுத் தறி. இவர் தறிக்கு மேல, காலண்டர்ல இருந்து வெட்டி ஒட்டின அந்தத் தலைவர் படம் அப்படியே இருந்தது. வேற ஒருத்தர் உட்கார்ந்து நெய்துகிட்டு இருந்தார். மணி தறியை விட்டு எழுந்து வந்தார்.

"வாங்க அண்ணி. இன்னா இப்டி எளச்சுட்டீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சார்.

"ராத்திரி துன்னாதது சரி அண்ணி. நாலு மணிக்குத் துன்னது உங்களுக்குத் தெரியாதா?"

"எது?"

"திங்கக்கெழம நாலு மணி ஆனா ஜல்தியா எழுந்துக்குவாரு. எதுத்த கடையில மூணு போண்டா, ஒரு டீ. 'ராத்திரியதான் விடச் சொன்னாரு, சாயந்திரத்த இல்ல'ம்பாரு. நானும் கூடவே துன்னுகினு இருந்தேன்."

"கடைசித் திங்கக்கெழம?"

"அன்னிக்கி நாலு. என்னுதுல ஒண்ணு புடுங்கிக்கினாரு."

"என்கிட்ட ஏன் தம்பி சொல்லல?"

"சொன்னா நீங்க கெஞ்ச மாட்டீங்களாம். 'வாரத்துல ஒருநாள்தான் சாப்பிடுன்னு கெஞ்சறா, அதையும் கெடுத்துக்கணுமா'ம்பாரு."

அந்தக் கடைசித் திங்கட்கிழமை மட்டும் நான் கெஞ்சல. அதை மணிகிட்ட சொல்லல.

நாலு மணிக்கு அதே கடைக்குக் கூட்டிப் போனார். போண்டா சூடா இருந்தது. ரெண்டு சாப்பிட்டேன். "படத்த எடுத்துக்கினு போங்க அண்ணி"ன்னார். அங்கயே இருக்கட்டும்னுட்டேன். அஞ்சே கால் பஸ்ஸுல திரும்பினேன்.

திவசத்தன்னிக்கு நாலு மணிக்கே படையல் போட்டேன். "விளக்கு வைக்காம படையலா?"ன்னு அண்ணன் குதிச்சார். அவர் நேரம் இதுதான்னேன். இலையில நாலு போண்டா, ஒரு டம்ளர் டீ.

தறி பார்க்க ஆரணி போறவங்களுக்கு: நான் சொன்ன டிக்கெட் அந்தக் காலத்து விலை. செருப்பை வாசல்லயே விடுங்க, ஈரக் கையோட நூலைத் தொடாதீங்க. நெய்யும்போது பேச்சுக் கொடுக்காதீங்க. நாலு மணிக்கு டீக்கு எழுந்திருப்பாங்க, அப்பப் பேசுங்க. போண்டா சீக்கிரம் தீர்ந்துடும்.

நானும் இப்ப திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடறதில்ல. நாலு மணிக்கே சாப்பிட்டுடறேன். கெஞ்சத்தான் ஆள் இல்ல.