மேலே ஏறிப் பார்க்காத காணி

1. பகல் இரண்டு மணி

மூன்றாவது நாளாக மழை. கண்டி டவுனில், ஒரு புடவைக் கடைக்கு மேலே இருக்கிற என் ஒஃபிஸில் லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு ப்ளானைத் திருத்திக்கொண்டிருந்தேன். சுனில் பாஸ் கோல் எடுத்தார். மேசன்மாரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சுனில் சிங்களவர்; என்னுடன் பத்துப் பன்னிரண்டு வீடுகள் கட்டியவர். தமிழ் பேசுவார், ஆனால் அளந்துதான் பேசுவார்.

"மிஸ், ஹந்தானை சைட்ல மண் இறங்கிட்டு. மேல லயத்துல ஒரு குசினி நம்ம காணிக்குள்ள வந்துட்டு."

"ஆள்?"

"ஆளுக்கு ஒண்டும் இல்ல. மிஸ் வாங்க."

அந்த சைட்டுக்கு நான் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. ஏன் போகவில்லை என்பதைத்தான் இதில் எழுத வேண்டும். வீட்டு ப்ளான் கீறப் பழகுகிற பிள்ளைகள் வாசித்தால், நான் கீறிய நல்ல வீடுகளைவிட இது அவர்களுக்குக் கூடப் பிரயோசனப்படும்.

2. மூன்று தட்டு வீடு

காணியின் சொந்தக்காரர் ரிஸ்வி. கெலிஓயாவில் பாமசி வைத்திருப்பவர். மனைவி பஸீலா பாடசாலை ஆசிரியை, இரண்டு மகள்மார், ரிஸ்வியின் உம்மா. ஐந்து பேருக்கும் ஒரு வீடு வேண்டும் என்று ஹந்தானைச் சரிவில் பதினாறு பேர்ச்சஸ் நிலம் வாங்கியிருந்தார். கீழே தார் ரோடு. மேலே எல்லையில் ஒரு லயம், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். நடுவில் நல்ல செங்குத்தான சரிவு.

முதல் நாள் கீழ் ரோட்டில் நின்றுதான் அளந்தோம். சரிவின் உயரங்களைக் கோடு கோடாகக் காட்டுகிற, சர்வேயர் தந்த கொன்டூர் ப்ளான் கையில் இருந்தது. மேல் எல்லை வரை சுனில்தான் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் ஏறவில்லை. சேலை, செருப்பு, மழைச் சேறு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. நானும் லயத்தில் பிறந்தவள். ஒன்பது வயதில் டவுனுக்கு வந்த பிறகு எந்த லயத்துக்கும் நான் திரும்பி ஏறியதில்லை.

மூன்று கிழமையில் ப்ளான் முடிந்தது. மண்ணைக் கூடுதலாக வெட்டாமல், சரிவோடு சரிவாக மூன்று தட்டில் இறங்குகிற வீடு. காற்று குறுக்கே போகும். கூரை நாலடி வெளியே நீட்டியிருக்கும். சாரல் சுவரில் படாது. எந்த அறையில் நின்றாலும் கண்டி டவுன் கீழே தெரியும். எனக்கு மிகவும் பிடித்த ப்ளான்.

ரிஸ்வி அதை மேசையில் விரித்து நீண்ட நேரம் பார்த்தார்.

"மிஸ், வடிவா ஈக்குது. ஆனா இதுல எத்தன படி?"

எண்ணிச் சொன்னேன். ரோட்டிலிருந்து ஹோலுக்குப் பதினெட்டு. ஹோலிலிருந்து குசினிக்கு ஒன்பது. அறைகளுக்கு இன்னொரு ஒன்பது.

"உம்மாக்குப் படி ஏற ஏலா மிஸ். ரெண்டு முழங்காலும் போய்ட்டு. இந்த ஊட்டுல உம்மா ஒரு அறைக்குள்ளயே இருக்கணும்."

"இந்த நிலத்துக்கு இப்படித்தான் கட்டலாம் ரிஸ்வி. மட்டமா வேணும்னா மண்ண வெட்டணும். இந்தச் சரிவுல அவ்வளவு வெட்டக் கூடாது."

"அப்ப உம்மா?"

"ஒரு லிஃப்ட் போடலாம்."

அவர் சிரிக்கவில்லை. நானும் பகிடிக்குச் சொல்லவில்லை, அலுப்பில் சொன்னேன். அந்த வருடம் எல்லா வாடிக்கையாளரும் ஃபோனில் யாரோ அனுப்பிய வெள்ளைப் பெட்டி வீட்டைக் காட்டி, இது போலவே வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மலையை வெட்டாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்திருந்தது. ரிஸ்வியையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டேன். அவர் கேட்டது வேறு கேள்வி என்பது என் காதில் விழவில்லை.

பிரதேச சபை அந்த ப்ளானை அனுமதித்தது. அதற்குப் பிறகு ஒரு நீண்ட விடுமுறையில், யாரிடமும் கேட்காமல், ரிஸ்வி மண் தோண்டுகிற பெக்கோ மெஷின் ஒன்றை இறக்கி மேல் எல்லை வரை மண்ணை வெட்டிவிட்டார். திங்கட்கிழமை போனபோது இரண்டு ஆள் உயரத்துக்குச் செம்மண் சுவராக நின்றது.

"இது நான் கீறின வீடு இல்ல. நான் இனி வரமாட்டேன்" என்றேன்.

"வராட்டிப் பரவால்ல மிஸ். சுவர் கட்டிட்டா எல்லாம் சரி" என்றார் அவர்.

கோபத்தில் இறங்கி வந்துவிட்டேன். உடனே அந்த மண்ணைத் தாங்க ஏதாவது செய்யுங்கள் என்று ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். மேலே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. எனக்கு ரோஷம் பெரிதாக இருந்தது.

3. பிளாஸ்டிக் கதிரையில் உம்மா

சுனில் கோல் எடுத்த அன்று கீழ் ரோட்டில் இறங்கி, மழையில், காணியின் ஓரமாகக் கையை ஊன்றி ஏறினேன். வெட்டிய சுவரின் நடுப்பகுதி சரிந்து குவிந்திருந்தது. அதற்குள் தகரம், செங்கல், கருகிய அடுப்புக்கல், ஒரு அலுமினியப் பானை. மேலே, பின்சுவர் இல்லாத குசினி ஒன்று வாய் திறந்து நின்றது. உள்ளே தட்டில் அடுக்கியிருந்த கோப்பைகள்கூடத் தெரிந்தன.

மூச்சு வாங்க லயத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ரிஸ்வியின் உம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் சோற்றுப் பார்சல்கள். பக்கத்தில் ரிஸ்வி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

எனக்கு முதலில் வந்த கேள்வி அதுதான். "உம்மா, நீங்க எப்படி மேல வந்தீங்க?"

"த்ரீவீல்லதான் வந்த. தெரு ஈக்குதே மகள்" என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தேன். லயத்தின் முன்னால் தோட்டத்து வண்டிப் பாதை ஒன்று ஓடுகிறது. லயம் முடிகிற இடத்தில் அது ரிஸ்வியின் காணியின் மேல் மூலையைத் தொட்டு நிற்கிறது. த்ரீவீல் அந்த மூலையில்தான் நின்றிருந்தது. கொன்டூர் ப்ளானில் அது ஒரு புள்ளிக்கோடு. நூறு தடவை பார்த்திருப்பேன்.

குசினி போனது செல்வராணிக்கு. கொழுந்து எடுக்கிறவர், நாற்பது வயது இருக்கும். மழையென்று அன்று வேலைக்குப் போகவில்லை.

"சோறு வடிக்க நின்னுக்கிட்டு இருந்தேன் மிஸ். வாசல் கொடியில கெடந்த துணி சாரல்ல நனையுதேன்னு வெளிய ஓடி வந்தேன். துணிய கையில எடுக்கல, பின்னால சத்தம் கேட்டுச்சு. திரும்பினா அடுப்பக் காணோம்." சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் முந்தானையை விடவேயில்லை.

"பெக்கோ வெட்டுற அன்னைக்கே நாங்க சத்தம் போட்டோம். டிரைவருக்குக் கேக்கல. கீழ நின்ன ஆளுங்கதான், ப்ளான் கீறுற மிஸ் ஒருத்தவங்க இருக்காங்க, அவங்ககிட்ட சொல்லுங்கன்னாங்க. நீங்க கீழயே வந்து கீழயே போயிட்டீங்க. ஒரு நாளும் மேல வந்து பாக்கலையே மிஸ்."

ரிஸ்வி மெதுவாகச் சொன்னார்: "மிஸ் கீறின மாதிரியே செஞ்சிருந்தா இப்படி நடந்திருக்காது. என்ட பிழதான்."

அதை ஏற்றுக்கொண்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். அன்று முடியவில்லை. "இல்ல ரிஸ்வி. இந்தப் பாதைய நான் பாத்திருந்தா, உம்மாக்குப் படியே இல்லாத வீடு முதல் நாளே கீறியிருப்பேன். நீங்க வெட்டவும் தேவையில்ல."

உம்மா பார்சலைச் செல்வராணியின் கையில் கொடுத்துவிட்டு மகனிடம் சொன்னார்: "இந்தப் புள்ளட குசினிய முதல்ல கட்டு. எங்கட ஊடு பொறகு."

4. திருப்பிப் போட்ட வீடு

அப்படியே செய்தோம். முதலில் சரிந்த மண்ணை வாரி, கம்பி வலைக்குள் கருங்கல் அடுக்கிய கேபியன் சுவரை நாலு படியாக ஏற்றினோம். லயத்திலிருந்து வருகிற தண்ணீர் அதுவரை காணிக்குள் கண்டபடி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஓரமாக ஒரு வடிகான் வெட்டி ஓடை வரை கொண்டுபோனோம். பிறகு செல்வராணியின் குசினி. அது முடிகிற வரை அவருடைய வீட்டுக்குப் பகல் சாப்பாடு கெலிஓயாவிலிருந்து வந்தது. பஸீலா பாடசாலை விட்டதும் தானே கொண்டுவருவார்.

பாதையைப் பாவிக்கத் தோட்டத்து ஒஃபிஸில் அனுமதி வாங்க எட்டு மாதம் அலைந்தேன். ஒரு நாள் துரை இல்லை, மறுநாள் கிளார்க் இல்லை, அடுத்த நாள் ஃபைல் இல்லை. கடைசியில் செல்வராணியும் லயத்து ஆட்கள் நாலு பேரும் என்னோடு வந்து, "எங்களுக்கு ஆட்சேபனை இல்ல, அவங்களும் வந்து போகட்டும்" என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

புதிய வீட்டைச் சரிவில் இறக்கவில்லை. சரிவுக்குக் குறுக்கே, கொன்டூர் போகிற வழியிலேயே நீளமாகக் கிடத்தினேன். ஒரே ஒரு அறை அகலம். மேல் மூலையில் த்ரீவீல் நிற்கும். அங்கிருந்து ஒரு சிறிய ஸ்லாப் பாலம் நேராக ஹோலுக்கு. ஹோல், குசினி, உம்மாவின் அறை, தொழுகிற இடம் எல்லாம் ஒரே மட்டம். மகள்மாரின் அறைகள் மட்டும் அடியில், வீட்டைத் தாங்குகிற தூண்களுக்கு நடுவில். வீட்டின் முதுகு மண்ணைத் தொடவில்லை. கேபியன் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் மூன்றடி விட்டோம், தண்ணீர் தன் வழியில் போக.

குடிபுகுந்த அன்று உம்மா கதவிலிருந்து குசினி வரை யாருடைய கையையும் பிடிக்காமல் நடந்தார். ரிஸ்வி என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைக்கிறார் என்று தெரிந்தும் நான் தெரியாத மாதிரி இருந்தேன்.

5. இப்போது

இப்போது ஒரு காணிக்குப் போனால் டேப்பை வெளியில் எடுப்பதற்கு முன்னால், அந்தக் காணிக்கு மேலே இருக்கிற வீட்டுக்குப் போகிறேன். பிறகு கீழே இருக்கிற வீட்டுக்கு. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வரும், பிள்ளைகள் எந்த வழியால் பாடசாலைக்குப் போகிறார்கள் என்று கேட்கிறேன். சுற்றாடலுக்கு ஏற்ற வீடு என்று நாங்கள் பேசும்போது காற்று, வெயில், மரம், வியூ என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். பக்கத்தில் சமைத்துக்கொண்டு நிற்கிற மனுஷியும் சுற்றாடல்தான். வீட்டுக்குள்ளே முழங்கால் வலியோடு இருக்கிறவரும் அப்படித்தான். இதைப் படிக்க எனக்கு ஒரு குசினி விழ வேண்டியிருந்தது. இப்போது எனக்கும் முழங்கால் சரியில்லை, ஏறினால் அன்று முழுக்க வலிக்கிறது. ஏறாமல் வீடு கீற மனம் வருவதில்லை.

போன மாதம் ஒரு மழை நாளில் செல்வராணியைப் பார்க்கப் போனேன். கேபியன் சுவர் ஒரு இஞ்சிகூட அசையவில்லை. கல்லுக்கு நடுவில் புல் முளைத்திருக்கிறது. பெருமையோடு அதைச் சொன்னேன்.

"சுவரு நல்ல சுவருதான் மிஸ். கொற சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா மழை புடிச்சா நான் இன்னமும் அந்தக் குசினியில நின்னு சமைக்கிறதில்ல."

அவர் குசினிக்குள் போய்க் காஸ் அடுப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை நான் பிடித்தேன். தூக்கிக்கொண்டு போய் முன்வாசலில் வைத்தோம்.