மேல்காட்டுக்கு அரிசி சுமந்தவர்

முனியன் மாமாவின் இடது தொடையில் மூன்று துப்பாக்கி ரவைகள் இன்னும் இருக்கின்றன. எடுத்தால் நரம்பு போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டார்கள். தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோலுக்கடியில் காய்ந்த பட்டாணி மாதிரி உருண்டன.

"ஒண்ணு சடையனுது, ஒண்ணு ஆதிமூலத்துது. மூணாவது என் வாய்க்கொழுப்புக்குக் கெடச்சது" என்றார்.

எங்கள் தெருவில் கடைசி வீடு அவருடையது. நான் ஊரைவிட்டுப் போனபோது மூட்டை சுமந்துகொண்டிருந்தார். ஏழு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து பார்த்தால் கட்டிலில் கிடந்தார்.

வடக்கனந்தலுக்கு மேற்கே, மலை வந்து தரையைத் தொடும் இடத்தில் ஆதிமூலத்துக்கு அறுபது ஏக்கர். கரும்பும் மரவள்ளியும். அதற்கும் காட்டுக்கும் நடுவே நாடாபோல் நீண்டு கிடக்கும் நாலு ஏக்கர் சடையனுடையது. சடையனிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. காட்டுப்பன்றி கீழே இறங்க அந்த நாலு ஏக்கரைத் தாண்ட வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கண்ணாயிரம், ஆதிமூலத்தோடு மூன்று தலைமுறைப் பகை உள்ளவர், வண்டித்தடம் போட்டு உள்ளே வருவதென்றாலும் அதைத்தான் தாண்ட வேண்டும்.

அதனால் ஆதிமூலம் சடையனைத் தாங்கினார். மாதம் ஒரு மூட்டை அரிசி. மோட்டாருக்குத் தன் லைனிலிருந்து கரண்ட். சடையன் பன்றி சுட்டால் பின்னங்கால் ஒன்று கீழே வரும். மூட்டையை மேலே ஏற்றியதும் பன்றிக்காலைக் கீழே இறக்கியதும் முனியன் மாமாதான். இருபத்திரண்டு வருடம்.

சடையனின் அந்த மேல்காட்டுக்குள் யாரும் சும்மா நுழைய முடியாது. எல்லையில் இருக்கும் வழுக்குப்பாறையில் நின்று மூன்று தரம் கூவ வேண்டும். "சடையண்ணே... ஓ!" காவல் பரண்மேலிருந்து "வா" என்று பதில் வந்த பிறகே காலெடுத்து வைக்கலாம். பதில் வராவிட்டால் மூட்டையைப் பாறையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து திரும்பிவிட வேண்டும். செடி அசைந்தால் முதலில் சுடுவார் சடையன். பன்றியா மனிதனா என்று அப்புறம்தான் பார்ப்பார்.

அவர் யாருக்கும் அடங்கியவரில்லை. கோபம் வந்தால் வானத்தைப் பார்த்துச் சுடுவார். கண்ணாயிரத்தின் டிராக்டர் டயரைச் சுட்டார். ஒருமுறை ஆதிமூலத்தின் நாயையே சுட்டுவிட்டு, அந்த மாதம் பின்னங்காலுக்குப் பதிலாகப் பன்றித் தலையை அனுப்பினார். அதன் வாயில் நாயின் கழுத்துப்பட்டை இருந்தது.

"இன்னாடா இது?" என்று கேட்டார் ஆதிமூலம்.

"குடுக்கச் சொன்னாருங்க" என்றார் மாமா.

"நாய் இன்னாடா பண்ணிச்சி அவன?"

"மொறச்சிதாங்க."

டயர் சுட்டதை விசாரிக்க வந்த போலீஸிடம் ஆதிமூலமே முன்னால் நின்று, "மேல யாருகிட்டயும் துப்பாக்கி கெடையாதுங்க. பன்னி வெரட்ட பட்டாசு உடறதுதான்" என்றார். அடுத்த மாதமும் மூட்டை போனது.

நான் சுற்றிய ஏழு வருடத்தில், வெகுதூரத்தில் ஒரு எல்லை ஊரில் கொஞ்ச நாள் இருந்தேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பெரிய நாடு, அந்தப் பக்கம் சின்ன நாடு. பாலத்தின்மேல் லாரி லாரியாகச் சரக்கு போகும். அந்தச் சின்ன நாட்டிலிருந்து அவ்வப்போது குண்டு வெடித்து மலை அதிரும் சத்தம் வரும். இந்தப் பக்கத்துப் பெரிய மனிதர்கள் முகம் சுளித்துவிட்டு மறுபடி லாரியை அனுப்புவார்கள். அந்த லாரி டிரைவர்களைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு முனியன் மாமாவின் தோள்தான் ஞாபகம் வந்தது.

போன சித்திரையில் கண்ணாயிரத்தின் காரில் சடையன் ஏறினார். இருவரும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரே மேசையில் பிரியாணி சாப்பிட்டார்கள். அவர்கள் கை கழுவுவதற்குள் செய்தி ஆதிமூலத்துக்கு வந்துவிட்டது. சாயங்காலமே மேல்காட்டுக் கரண்டைப் பிடுங்கினார். நாலு நாளில் சடையனின் மரவள்ளி தலை தொங்கியது. ஐந்தாம் நாள் சடையன் கரண்டுக் கம்பத்துப் பீங்கான்களைச் சுட்டு நொறுக்கினார். ஆதிமூலத்தின் மோட்டாரும் ஓடாமல் அறுபது ஏக்கருக்கும் தண்ணீர் நின்றுபோனது.

ஆதிமூலம் மாமாவைக் கூப்பிட்டார்.

"மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டு தூங்குவான். போயி துப்பாக்கிய எடுத்துக்கினு வந்துரு."

"கூவாம எப்பிடிங்க உள்ள போறது?"

"கூவிக்கினு போயி திருடுவியாடா?"

"சுட்டுடுவாருங்க."

"ஒன்ன சுட மாட்டான். போவலன்னா வூட்டக் காலி பண்ணிக்க. அது என் எடம், தெரியுமில்ல?"

"வூடு போனா போவுது, ரோட்டோரம் கெடக்கலாம். நீ போவாத" என்று அத்தை ரங்கம்மாள் கையைப் பிடித்திருக்கிறார். வீடு போனால் முப்பது வருட வாழ்க்கையும் போன மாதிரி என்று மாமா நினைத்தார். போனார்.

பாறையில் நிற்கவில்லை. மரவள்ளிக்குள் வயிற்றால் ஊர்ந்தார். உச்சி வெயிலில் மண் கொதித்தது. பரணுக்குப் பத்தடிவரை போய்விட்டார். மேலே சடையனின் குறட்டை. நெஞ்சின்மேல் துப்பாக்கி. எழுந்து ஒரு எட்டு வைத்தார்.

"வாய் அதும்பாட்டுக்குக் கூவிடுச்சிம்மா" என்றார் என்னிடம். "இருவத்திரண்டு வருசமா அந்த மண்ண மெதிக்கணும்னா கூவணும். கால் வச்சன், வாய் தொறந்துக்கிச்சி. சடையண்ணே... ஓ!"

அந்தக் குரல் எப்போதும் பாறையிலிருந்துதான் வரும். காலடியில் கேட்டதும் சடையன் தூக்கம் கலையாமலே சுட்டார்.

மாமாவுக்குச் சத்தம் கேட்கவில்லை. யாரோ தொடையைக் கடப்பாரையால் பெயர்த்த மாதிரி இருந்தது. விழுந்து நிமிர்ந்தால் மரவள்ளி இலையில் தன் சதை ஒட்டியிருந்தது. சடையன் குதித்து வந்தார். பார்த்தார். முதலில் மாறி மாறி அறைந்தார்.

"உள்ள வந்து கூவறியேடா பேமானி! பாறையில கூவ ஒனக்கு இன்னா கேடு? யார்றா அனுப்பனது?"

மாமா சொல்லிவிட்டார். சடையன் தன் வேட்டியைக் கிழித்துத் தொடையில் கட்டி, அவரை முதுகில் தூக்கிக்கொண்டு, துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். வழியெல்லாம் அழுகையும் வசவும். கோவணத்தோடு ஆதிமூலத்தின் களத்தில் வந்து நின்று, மாமாவை நெல் உமிமேல் இறக்கினார்.

"இந்தாய்யா ஒன் ஆளு. துப்பாக்கிதான ஓணும்? வாங்கிக்க."

துப்பாக்கிக் கட்டையால் ஆதிமூலத்தின் தோளில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் படுத்திருந்த மாமாவுக்கே கேட்டது. இரண்டாவது அடி வாயில் விழுந்தது. ஆதிமூலத்தின் தம்பி மகன் ராஜாங்கம் கரும்பு வெட்டும் கத்தியோடு பாய்ந்து சடையனின் புறங்கையில் போட்டான். துப்பாக்கி விழுந்தது. இரண்டு விரல்கள் தொங்கின. ராஜாங்கம் கழுத்துக்குக் கத்தியை ஓங்கினான்.

"டேய், நிறுத்து!" என்று கத்தினார் ஆதிமூலம். வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் வந்தன. "அவன் செத்தா மேல யார்றா இருப்பான்? கண்ணாயிரமா? அந்தத் துப்பாக்கிய அவன்கிட்டயே குட்றா!"

மூன்று பேரையும் ஒரே வண்டியில்தான் கள்ளக்குறிச்சிக்கு ஏற்றினார்கள். உமியில் ரத்தம் வழியக் கிடந்தபோது தன்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை மாமா இன்னும் சொல்கிறார். வண்டியில்தான் ஆதிமூலம் அவர் பக்கம் குனிந்தார், உடைந்த வாயோடு.

"பன்னி குத்திட்டுதுன்னு சொல்லு."

மாமா அப்படியே சொன்னார். ரவைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "பன்னி துப்பாக்கியோட வந்துச்சாங்க?"

"நாட்டுப் பன்னிம்மா" என்றார் மாமா. பக்கத்துக் கட்டிலில் கையில் கட்டோடு படுத்திருந்த சடையன் வலியோடு சிரித்தார். ஆதிமூலம் சிரிக்கவில்லை.

அவரிடம் மாமா ஒன்றைத்தான் சொன்னார். "பொய் சொல்லிட்டன். வூடு எனக்கு இருக்கணும். மூட்டைய மட்டும் இனிமே நீங்களே தூக்கிக்கினு போங்க."

நான் ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அதைப் பார்த்தேன். வேறு எந்தக் கூலியாளும் மேலே போகச் சம்மதிக்கவில்லை. ராஜாங்கம் போனால் பிணம்தான் திரும்பும். ஆதிமூலம் நல்ல தோளில் மூட்டையைச் சாய்த்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகத் தள்ளாடித் தள்ளாடி ஏறினார். மாமா கட்டிலிலிருந்து எழுந்து, கம்பை ஊன்றி வாசலுக்கு வந்தார்.

"பாறைகிட்ட நிக்கறாரா பாரும்மா."

நின்றார். மாமாவின் வாசலிலிருந்தே பாறை தெரிந்தது. மூட்டையைப் பாறைமேல் இறக்கி, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சடையா... ஓ!"

பதில் இல்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாவதற்குக் குரல் உடைந்து வந்தது. அதற்குத்தான் மேலிருந்து பதில் வந்தது.

"யாரு?"

"நான்தான்டா, ஆதிமூலம்."

"எந்த ஆதிமூலம்?"

துப்பாக்கிக் குதிரையை இழுக்கும் சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது. ஆனால் ஆதிமூலம் மூட்டையைப் பாறைமேலேயே விட்டுவிட்டு, மெல்ல இரண்டு கைகளையும் உயர்த்தினார். முறிந்த கை பாதிக்குமேல் எழவில்லை. அப்படியே பின்னால் நடந்தார்.

"முதுகக் காட்டாம வராரா?" என்று கேட்டார் மாமா.

"ஆமா மாமா."

"கத்துக்கினாரு" என்று சொல்லிவிட்டுத் தொடையைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.