இரண்டு பக்கெட் தண்ணீர்

அந்த மாதம் முழுக்க என் கட்டிலுக்கு அடியில் பதினொரு மண்சட்டிகள் இருந்தன. செய்தித்தாளை விரித்து அதன்மேல் கவிழ்த்து வைத்த, இன்னும் சுடாத பச்சைச் சட்டிகள். செம்பூரில் அண்ணனுடைய வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை. ஹாலின் மூலையில் கிடந்த என் கட்டிலுக்குக் கீழேதான் வெயிலும் காற்றும் நேராகப் படாமல் இருந்தது. சட்டி மெதுவாகக் காய வேண்டும், வேகமாகக் காய்ந்தால் சுடுவதற்கு முன்பே கீறிவிடும் என்று மதினி சொல்லியிருந்தாள். காலையில் நான் தலையைப் பின்னிக்கொண்டு குர்லாவுக்கு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் தரையில் ஒருக்களித்துப் படுத்து, கையை உள்ளே நீட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பாள். "ராத்திரி காலக் கீழ தொங்கப் போட்டுராத பிள்ள" என்பாள். நானும் ஒரு மாதம் காலை மடக்கியே தூங்கினேன்.

மதினி பிறந்து வளர்ந்தது தாராவியில். அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். பள்ளியில் அவளுக்கு ஒரு குஜராத்தித் தோழி இருந்தாள். அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பானை செய்தார்கள். சக்கரத்தில் ஆண்கள்தான் உட்காருவார்கள் என்பதால் மதினி கையாலேயே செய்யப் பழகிக்கொண்டாள். களிமண்ணைக் கயிறுபோலத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, ஈரக் கையால் தேய்த்து ஒன்றாக்கிவிடுவாள். அண்ணன் அவளைச் சர்ச்சில் பார்த்து, பிடித்துப்போய், அவனே போய்ப் பெண் கேட்டுக் கட்டிக்கொண்டவன். வாஷியில் ஒரு கம்பெனியில் அவனுக்கு ஆபீசர் வேலை கிடைத்ததும் செம்பூரில் வீடு வாங்கினான். குடிபோன முதல் வாரமே கட்டிடத்தில் எல்லோரிடமும் மனைவியின் பிறந்த வீடு தாராவி என்று சொல்லாமல், வசதியான தமிழர்கள் இருக்கும் மாட்டுங்காவில் என்று சொல்லி வைத்தான். "ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரயில் தண்டவாளம், அவ்வளவுதானே" என்று எங்களிடம் சிரித்தான். மதினியும் அப்போது சிரித்தாள்.

அவள் செய்த சட்டியில் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு சர்ச் பெண்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள். செய்யலாம், ஆனால் சுட வேண்டுமே. எங்களுக்கு ஏது சூளை? பச்சைச் சட்டிகளைப் பழந்துணியில் சுற்றிச் சாக்கில் கட்டி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு தாராவிக்குப் போவாள். தோழி வீட்டார் தங்கள் சூளையின் ஓரத்தில் இடம் கொடுப்பார்கள். மூன்று நான்கு முறை அப்படி நடந்தது. ஒரு நாள் எங்கள் கட்டிடத்துக்காரர் ஒருவர் அவள் சாக்குடன் அங்கே இறங்குவதைப் பார்த்துவிட்டு அண்ணனிடம், "உங்க மிஸஸை தாராவியில பார்த்தேனே" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "இனிமே அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது" என்றான். சத்தம் போடவில்லை. அவன் சத்தம் போடுகிறவனே இல்லை.

அதற்குப் பிறகுதான் சர்ச்சில் ஸ்தோத்திரப் பண்டிகை விற்பனைக்கு மதினி பெயரிலேயே ஒரு மேசை தருகிறோம் என்றார்கள். சர்ச் பாதிரியாரின் மனைவி ஐயரம்மாவே வீட்டுக்கு வந்து கேட்டதால் அண்ணனால் மறுக்க முடியவில்லை. "செய். எனக்குத் தலைகுனிவு வராமப் பாத்துக்க" என்றான். அந்த மேசைக்காகச் செய்தவைதான் என் கட்டிலுக்கு அடியில் இருந்த பதினொன்றும். தாராவிக்குப் போக முடியாதென்பதால் கட்டிடத்தின் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் மதில்சுவருக்கும் நடுவில் இருந்த மண்தரையில் சுடுவது என்று முடிவு செய்தாள்.

ஒரு சனிக்கிழமை. எனக்கு லீவு. பொழுது விடியும்போதே ஆரம்பித்துவிட்டோம். மாட்டுக் கொட்டகையில் வாங்கிய வரட்டி, பர்னிச்சர் கடையில் அள்ளிவந்த மரத்தூள், ஊரிலிருந்து வந்த மாம்பழப் பெட்டியில் கிடந்த வைக்கோல். செங்கல்லை வட்டமாக அடுக்கி, வரட்டி பரப்பி, சட்டிகளைக் கவிழ்த்து வைத்து, இடைவெளியில் மரத்தூளை நிரப்பி, மேலே மறுபடி வரட்டியும் வைக்கோலும் போட்டு, குழைத்த மண்ணால் மெல்லப் பூசினாள். முதலில் சின்னத் தீ, சட்டியில் மிச்சமிருக்கும் ஈரம் போக. பிறகுதான் பெரிய தீ. "எரியிறது பெருசில்ல பிள்ள, ஆறுறதுதான் பெருசு. தானா எரிஞ்சு தானா அணையணும். நாளைக் காலைல வரைக்கும் யாரும் தொடப்பிடாது. வெறுங்காத்து பட்டாக்கூடக் கீறிரும்" என்றாள். முகமெல்லாம் கரி. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

புகை வரத்தான் செய்தது. மூன்றாவது மாடியில் ஒருவர் ஜன்னலை அடித்துச் சாத்தினார். மதியத்துக்குள் தீ உள்ளே இறங்கி, புகை நூலாக மெலிந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அரைநாள் வேலை முடிந்து அண்ணன் வந்தான். கேட்டிலேயே எங்கள் கட்டிடத்துச் சொசைட்டி சேர்மன் அவனை நிறுத்தினார். வாட்ச்மேனும், கார் கழுவுகிறவனும், இரண்டு மூன்று வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, "தாராவி ஹை க்யா யே?" என்று கத்தினார். இது என்ன தாராவியா என்ற அந்த ஒரு கேள்விதான். வேறு எதைக் கேட்டிருந்தாலும் அண்ணன் மன்னிப்புக் கேட்டுச் சமாளித்திருப்பான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அவன் ஆபீஸ் பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்பக்கம் வந்தான். மதினியைப் பார்க்கவில்லை. என்னிடம், "தண்ணி கொண்டா" என்றான்.

"ஊத்தாதீக. தீ அடங்கிட்டு, இந்தா புகையும் நின்னுரும். இப்ப ஊத்துனா எல்லாம் வெடிச்சிரும்" என்று மதினி செங்கல் வட்டத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

அவன் அவளைத் தள்ளவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். தொட்டிக் குழாயடியில் கார் கழுவும் பக்கெட் இருந்தது. நான் குழாயைத் திறந்தேன். பக்கெட் நிறைவதற்கு நேரமெடுத்தது. நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய் அவன் கையில் கொடுத்தேன். அவன் ஊற்றினான். சாம்பலும் ஆவியும் எழும்பி, உள்ளே ஒவ்வொன்றாக வெடிக்கிற சத்தம் கேட்டது. "இன்னொண்ணு" என்றான். அதையும் கொண்டுவந்து கொடுத்தேன்.

எல்லோரும் போன பிறகு மதினி ஈரச் சாம்பலைக் கிளறினாள். ஒன்பது துண்டுதுண்டாகக் கிடந்தன. முழுசாகத் தெரிந்த இரண்டைக் கையில் எடுத்து, விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள். நன்றாக வெந்த சட்டி கணீரென்று ஒலிக்கும். இரண்டும் செத்த சத்தம் கொடுத்தன. அவற்றையும் துண்டுகளோடு வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவுக ஊத்துவாகன்னு எனக்குத் தெரியும். நீ கொண்டுவருவன்னு நெனைக்கல."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அண்ணன் வீட்டில் தங்கி, அண்ணன் போடும் சோற்றைச் சாப்பிட்டு, அவன் பார்க்கும் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தேன். இந்தக் காரணங்களை எனக்கு நானே பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் குழாயடியில் இவை ஒன்றும் என் மனதில் இல்லை. பக்கெட் நிறையும்வரை, கட்டிடத்து ஜன்னல்களில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கும் வெட்கமாக இருந்தது. அண்ணனுக்குப் பயந்து கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்வது அதைவிடச் சுலபம்.

விற்பனை நாளில் மதினிக்கு ஒதுக்கிய மேசையில் வேறொரு வீட்டு ஊறுகாய் இருந்தது. அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அண்ணன் ஐயரம்மாவிடம் சொன்னான். பக்கத்தில் நின்ற மதினி அதற்கும் தலையாட்டினாள். அதன்பிறகு அவள் களிமண்ணைத் தொட்டதில்லை. ஒரு வருடம் கழித்து என் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனபோது கடைக்காரர் மதினியிடம் பிறந்து வளர்ந்தது எங்கே என்று விசாரித்தார். அண்ணன் எங்களோடு வரவில்லை. நானும் அவளும் மட்டும்தான். "மாட்டுங்கா" என்று மதினி தானாகவே சொன்னாள். சொல்லிவிட்டுச் சேலையின் கரையைத் திருப்பிப் பார்த்தாள்.

இப்போது அவர்கள் முலுண்டில் பெரிய வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டான். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மண்பாத்திரத்தில் சமைத்தால் சுகருக்கு நல்லது என்று ஏதோ வீடியோவில் பார்த்து, ஆன்லைனில் ஒரு சட்டி வாங்கியிருந்தான். கேஸ் அடுப்பில் இரண்டாம் நாளே கீறிவிட்டதாம். போனில் கம்பெனிக்காரனை விரட்டிக்கொண்டிருந்தான். "கையால செஞ்சதுன்னு போட்டிருக்கான், சரியாச் சுடவே இல்லை. இவனுகளுக்கு என்ன தெரியும்?" என்று என்னிடம் நியாயம் கேட்டான். மதினி சமையலறையில் இருந்தாள். அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அந்தச் சனிக்கிழமையை அவன் மறைக்கவில்லை, உண்மையாகவே மறந்துவிட்டான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எழுந்து சமையலறைக்குப் போனேன். மதினி டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. இத்தனை வருடமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

"மதினி, அன்னைக்கு அந்தத் தண்ணியை நான்..."

"எந்தத் தண்ணி?" என்றாள்.

என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டாள். அவள் மறக்கவில்லை என்பது அந்தக் கண்ணிலேயே தெரிந்தது. என்னைச் சொல்லவிடக் கூடாது என்று இருக்கிறாள். மன்னிப்புக் கேட்டு நான் இறக்கி வைக்க நினைத்ததை, என்னோடேயே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுக்கிறாள். ஹாலிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

மதினி டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "உங்க அண்ணன் கூப்பிடுதாக. கொண்டுபோய்க் குடு" என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.