இரண்டு குட்டை, ஒரு நெட்டை

ஹாரனை இரண்டு முறை தட்டிவிட்டு, மூன்றாவதற்கு ஓங்கிய கையை அப்படியே தொடையில் போட்டுக்கொள்கிறார் ஜர்வலி கான். மூன்றாவதை நீளமாக அடித்தால் ஹம்சக்கோயா கடையிலிருந்து டீ வந்துவிடும். அது வரக்கூடாது. எதிர்ச்சாரிக் கடையில் வாங்கி, ஹம்சா பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக் குடிக்கிறார்.

இந்த வளைகுடா ஊரின் சத்வா பகுதியில் டாக்சிக்காரர்கள் டீக்கு இறங்குவதில்லை. ஆளுக்கொரு ஹாரன். ஹம்சா உள்ளே புரோட்டா புரட்டிக்கொண்டே யாரென்று கண்டுகொள்வார். ஜர்வலியுடையது இரண்டு குட்டை, ஒரு நெட்டை, பதினெட்டு வருடமாக. அந்தக் கடையின் மாடியில்தான் என் வீடு. இரண்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, அந்த ஹாரன் தெருவின் மறுபக்கம் போயிருந்தது. நெட்டையும் இல்லை.

ஜர்வலி பட்டாணியர், புனேர் மலைக்காரர். மருதாணித் தாடி. நிறுவனம் கொடுத்த டையை வண்டியில் ஏறியபிறகே கட்டுவார். பின்சீட்டில் யாராவது அழுதால், பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுவார். "அழறவங்களுக்கு என் மூஞ்சி எதுக்கு?"

எல்லாம் ஒரு சினிமாவால் வந்தது. இந்த ஊரில் ஒரு நர்ஸ், ஒரு அரபு மீன் வியாபாரி, ஒரு டாக்சி ஓட்டுநர். ஒரு மழைநாளில் மூவரின் வாழ்க்கையும் குறுக்கிட்டுக்கொள்ளும் கதை. ஓட்டுநராக நடித்தவனுக்கு மூன்று நாள் பழக்கிக்கொடுத்தவர் ஜர்வலி. பதிலுக்கு அவருக்கும் ஒரு காட்சி தந்தார்கள்: டாக்சி வரிசையில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். ஹம்சாவுக்கு ஹாரன் கேட்டு டீ கொண்டுவரும் காட்சி. புனேரில் இருக்கும் மகள் ஷாகுலாவிடம் ஜர்வலி அன்றே போனில் சொல்லிவிட்டார். அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

படம் வெளியான வெள்ளிக்கிழமை ஜர்வலியும் ஹம்சாவும் சேர்ந்தே படத்துக்குப் போனார்கள். திரையில் நடிகன் கண்ணாடியைக் கூரைக்குத் திருப்பினான், தியேட்டர் உருகியது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை அடித்தான். ஹம்சா டீயோடு ஓடிவந்து சிரித்தார். நான்கு நொடி. ஜர்வலி பார்த்த வானம் கடைசிவரை வரவேயில்லை. வெட்டிவிட்டிருந்தார்கள். வெளியே வந்ததும் இரண்டு பெண்கள் ஹம்சாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "பாய், கொஞ்சம் போட்டோ எடுத்துக் குடுங்களேன்" என்று ஒருத்தி ஜர்வலியின் கையில் போனைத் திணித்தாள்.

"கண்ணாடி என்னோடது, ஹாரன் என்னோடது" என்றார் ஜர்வலி என்னிடம். "இவன் என்ன பண்ணிட்டான்? தெனமும் கொண்டுவர்ற டீயக் கொண்டுவந்தான். அதுக்குப் போட்டோவா?"

"எதிர்க்கடை டீ எப்படி இருக்கு?"

"பாத்திரம் கழுவின தண்ணி. இருந்தாலும் இது மரியாதை தெரிஞ்ச தண்ணி."

படம் அடுத்த வாரம் போனிலேயே பார்க்கக் கிடைத்துவிடும். ஷாகுலா நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று நான் பின்சீட்டில் இருந்தேன். ஹம்சா தெருவைக் கடந்து வந்து ஜன்னலில் கையை ஊன்றினார். "கான் பாய், அந்த ஹீரோ அடிச்ச ஹாரனுக்கு எனக்கு ஓட்டமே வரல. பதினாலு தடவ திட்டு வாங்கினேன். கடைசில நீங்க சீட்டுக்குக் கீழ பதுங்கி அடிச்சீங்களே, அதுக்குத்தான் வந்தேன். அந்தச் சிரிப்பு உங்களப் பாத்துச் சிரிச்சது."

"அப்ப என் தலை எங்க?"

"சீட்டுக்குக் கீழ."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். "கடைக்குப் போ. திரும்ப வா" என்றார் ஜர்வலி.

ஹம்சா போனார். ஜர்வலி டையை இறுக்கினார், தாடியை வாரினார். தன் முகம் தெரியும்படி போனை ஸ்டியரிங்குக்குப் பின்னால் சாய்த்துவைத்துப் படம்பிடிக்க விட்டார். "ஷாகுலா, பாரு" என்றார். இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

ஹம்சா டீயோடு ஓடிவந்தார். அதே சிரிப்பு. போனில் இரண்டு முகங்களும் தெரிந்தன. ஜர்வலி விரல்நுனியால் போனை ஓர் அங்குலம் நகர்த்தினார். ஹம்சாவின் தலை விளிம்புக்கு வெளியே போய்விட்டது. டீயை நீட்டும் கை மட்டும் மிச்சமிருந்தது.